மூளையதிர்வு: ஆட்டக்காரர்கள் ஏன் சொல்வதில்லை, எப்போது சொல்கிறார்கள்?

நடுக்கோடு

தலையில் அடிபட்டதும் அணியிடம் தாங்களே அதைச் சொன்ன இரண்டு ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லி இந்த இழையைத் தொடங்குகிறேன். இருவரும் அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்கள். நம்மில் பலருக்குக் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடுவதுதான் நினைவுக்கு வரும் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கத் தொழில்முறை லீகைப் பற்றியே எழுதப்போகிறேன். மற்றக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை நிரப்பினால் நன்றாக இருக்கும்.

முதலாமவர் அலெக்ஸ் ஸ்மித். 2012 நவம்பர் 11 அன்று சான் பிரான்சிஸ்கோ அணிக்காக செயின்ட் லூயிஸ் அணியை எதிர்த்து ஆடும்போது தலையில் அடி வாங்கினார். பார்வை மங்கியது. அந்த மங்கிய பார்வையோடே அதே போட்டியில் இன்னும் சில நகர்வுகள் ஆடி, புள்ளி பெற்றுத்தரும் டச்டவுன் பாஸ் ஒன்றும் எறிந்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அப்போது அவர் நல்ல உச்சத்தில் இருந்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் எறிந்த 19 பாஸ்களில் 18 சரியான கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவருக்குப் பதிலாக இறங்கிய காலின் கேப்பர்நிக் அடுத்த ஆட்டத்தில் அசத்தினார். ஸ்மித் குணமடைந்த பிறகும் பயிற்சியாளர் இளையவரையே வைத்துக்கொண்டார். அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை சென்றது. ஸ்மித் பக்கக்கோட்டில் நின்று பார்த்தார். அடுத்த ஆண்டு வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

இரண்டாமவர் பென் ராத்லிஸ்பர்கர். 2015 நவம்பர் 29 அன்று சியாட்டில் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஓரப்பார்வை சரியாக இல்லை என்று அவரே சொல்லி வெளியே வந்தார். ஊடகங்கள் பாராட்டின. அடுத்த வாரமே அவர் தன் இடத்தில் நின்று ஆடினார். ஆனால் அவர் ஏற்கெனவே இரண்டு சூப்பர் பவுல் வென்றவர். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நீண்ட புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

இருவரும் ஒரே செயலைத்தான் செய்தார்கள். ஒருவருக்கு அது வேலையைப் பறித்தது, மற்றவருக்கு நல்ல பெயரைத் தந்தது. உடைமாற்றும் அறையில் இருக்கும் மற்ற ஐம்பது பேரும் இதில் யாருடைய கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொள்வார்கள்? என் கருத்து, மறைப்பது அறியாமையால் அல்ல. அது தெளிவான கணக்கு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கோல்கீப்பர்

மாற்றுக் கருத்து உண்டு, நண்பரே. நான் தொழில்முறை ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கும் ஒரு லீகில் நான்கு ஆண்டுகள் கோல் காத்தவன். ஒரு கார்னர் கிக்கில் பந்தைக் குத்த வெளியே வந்தபோது எதிரணி முன்கள வீரரின் முழங்கால் என் காதுக்கு மேலே இடித்தது. நினைவு தப்பவில்லை. எழுந்து நின்றேன். அணியின் உதவியாளர் ஓடி வந்து கேட்டபோது "ஒன்றுமில்லை" என்றேன்.

அந்த "ஒன்றுமில்லை" எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அப்போது கணக்குப் போடும் நிலையில் நான் இல்லை. கழற்றிய இடக்கைக் கையுறையை வலக்கையில் மாட்ட முயன்றுகொண்டிருந்தேன். பெருவிரல் ஏன் தவறான பக்கத்தில் இருக்கிறது என்று பொறுமையாக யோசித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கால் இடறினால் "அம்மா" என்று வாய் தானாகச் சொல்வதைப் போலத்தான் அந்தப் பதிலும் வந்தது.

2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் நடுவர் ரிஸோலியிடம் போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டதைப் பலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். அர்ஜென்டினா வீரர் கராயின் தோளில் மோதிய பிறகு ஏறத்தாழ கால் மணி நேரம் அவர் ஆடியிருந்தார். அவர் எதை மறைத்தார்? தனக்கு என்ன ஆயிற்று என்பதே தெரியாதவர் எதையும் மறைப்பதில்லை.

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பயிற்சியில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினால் தலை சுழன்றது, அப்போதும் நான் சொல்லவில்லை. தூக்கம் சரியில்லை என்று சொல்லித் தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது கோல்கீப்பராக ஒரு பத்தொன்பது வயதுப் பையன் காத்திருந்தான், நன்றாக ஆடுவான். இதற்கு நீங்கள் சொல்லும் கணக்கு முழுமையாகப் பொருந்தும். ஆகவே களத்தில் வரும் மௌனத்தையும் மூன்றாம் நாள் மௌனத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

பக்கக்கோட்டுப் பிசியோ

கோல்கீப்பர் ஐயா பிரித்துக் காட்டியது மிக முக்கியமான இடம். நான் மருத்துவர் அல்ல. விளையாட்டு அணிகளோடு பணிபுரியும் இயன்முறைச் சிகிச்சையாளர். களத்தோரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

மூளையதிர்வின்போது மண்டைக்குள் மூளை குலுங்கி, நரம்புச் செல்களின் சவ்வு வழியாகப் பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது; அந்தச் சமநிலையை மீட்கச் செல்களுக்குக் கூடுதல் குளுக்கோஸ் தேவைப்படும் அதே நேரத்தில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. இந்த நெருக்கடி வழக்கமான ஸ்கேனில் தெரியாது. சி.டி. எடுத்தால் பெரும்பாலும் படம் சுத்தமாக இருக்கும். நினைவு தப்புவது பத்தில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

ஆகவே எங்கள் கையில் இருப்பது ஸ்காட் என்னும் மதிப்பீட்டுப் படிவம். அதில் 22 அறிகுறிகள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சம் பிடிக்காமை, மந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்டக்காரரே 0 முதல் 6 வரை மதிப்பெண் போட வேண்டும். பிறகு சொற்பட்டியலைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வோம், மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வோம், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வோம். இவற்றில் தேறிவிட்டு, 22 கேள்விகளுக்கும் முகத்தைப் பார்த்து 0 என்று சொல்பவரை எதை வைத்து நிறுத்துவது? கருவியும் அவரே, நோயாளியும் அவரே, மதிப்பெண் கூடினால் அதற்கான விலையைக் கொடுக்கப்போகிறவரும் அவரே.

இன்னொரு தந்திரமும் உண்டு. பருவத் தொடக்கத்தில், அடிபடாத நிலையில் ஒருமுறை தேர்வு எடுத்து வைப்போம். பின்னர் அடிபட்டால் அதோடு ஒப்பிடுவதற்காக. அந்த முதல் தேர்வில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிட்டால், பின்னால் மூளை மந்தமானாலும் மதிப்பெண் அதே அளவில் இருக்கும். என்.எஃப்.எல். குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் 2011-இல் தான் அப்படிச் செய்வதாகச் சொல்லி, பின்னர் அது நகைச்சுவை என்றார். நகைச்சுவையாகவே இருக்கட்டும், கேட்ட ஆட்டக்காரர்கள் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை

நடுக்கோடு சொன்ன கணக்கில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அறிகுறியைச் சொன்னால் அந்த வாரச் சம்பளம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். என்.எஃப்.எல்.-இல் பொதுவாக அப்படி இல்லை. பட்டியலில் இருக்கும் வீரர் ஆட்டத்தில் காயம்பட்டால் அவருடைய வாரச் சம்பளம் தொடரும். காயத்தோடு இருப்பவரை அணி பட்டியலிலிருந்து எளிதில் வெட்டிவிடவும் முடியாது. வெட்டினால் அந்தப் பருவத்துச் சம்பளத்துக்காக அவர் முறையிட வழி உண்டு.

இதன் விசித்திரத்தைப் பாருங்கள். காயத்தை மறைப்பவர் ஏட்டளவில் நலமாக இருக்கிறார். நலமாக இருப்பவரைச் செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டு, போய்வா என்று சொல்லிவிடலாம். அதாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கிறவர், தன்னைக் காக்கும் ஒரே காகிதத்தைத் தானே கிழித்துப் போடுகிறார். அப்படியென்றால் ஏன் மறைக்கிறார்? அவர் அஞ்சுவது இந்த வாரத்துக்காக அல்ல. பெரும்பாலான ஒப்பந்தங்களில் வரும் ஆண்டுகளுக்கான தொகைக்கு உத்தரவாதம் கிடையாது. 53 பேர் பட்டியலில் 48-ஆவது இடத்தில் இருப்பவர், இரண்டு முறை மூளையதிர்வு ஏற்பட்டவர் என்ற அடையாளத்தோடு, வீரர்கள் புதிய ஒப்பந்தம் தேடும் மார்ச் மாதச் சந்தைக்குப் போக விரும்பமாட்டார். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரை விலை பேசலாம். மூன்றாவது முறை தலையில் அடிபட்டால் ஓய்வு பெற்றுவிடுவாரோ என்று சந்தேகிக்கப்படுபவரை யாரும் விலை பேசமாட்டார்கள்.

மற்றக் கால்பந்திலும் இதே பயம்தான். டோட்டன்ஹாம் அணியின் யான் வெர்டோங்கன் 2019 ஏப்ரல் 30 அன்று அயாக்ஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் முகத்தில் அடிபட்டு, இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பி, சற்று நேரத்தில் நிற்க முடியாமல் குமட்டியபடி மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வெளியேறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நாம் பார்க்காதது அதற்குப் பின் நடந்தது. ஒன்பது மாதங்கள் தலைசுற்றலோடும் தலைவலியோடும் ஆடியதாக அடுத்த ஆண்டு அவரே சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை: ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மீதி இருந்தது, புதிய ஒப்பந்தத்துக்கோ வேறு அணிக்கோ தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கோல்கீப்பர் சொன்ன மூன்றாம் நாள் மௌனம் இவருக்கு ஒன்பது மாதம் நீண்டது.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: 2009 நவம்பரில் அசோசியேட்டட் பிரஸ் 160 என்.எஃப்.எல். வீரர்களிடம் கேட்டபோது, 30 பேர் அறிகுறிகளைச் சொல்லாமல் விட்டதாகவோ குறைத்துச் சொன்னதாகவோ ஒப்புக்கொண்டார்கள். 2014 ஜனவரியில் இ.எஸ்.பி.என். 320 பேரிடம், மூளையதிர்வு இருந்தாலும் சூப்பர் பவுலில் ஆடுவீர்களா என்று கேட்டது. 85 சதவீதத்தினர் ஆடுவோம் என்றார்கள். முதல் கேள்வி செய்ததைப் பற்றியது, இரண்டாவது செய்யப்போவதைப் பற்றியது; இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில்தான் மூளையதிர்வு பற்றிய செய்திகள் நாள்தோறும் வெளிவந்தன என்பதை மறக்க வேண்டாம்.

எதிர்ப்பாட்டு

எல்லோரும் ஒரே சுருதியில் பாடுவதால் நான் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன். இவர்கள் குழந்தைகள் அல்லர். கோடிகளில் சம்பளம் வாங்கும் பெரியவர்கள், ஆபத்து தெரிந்தே ஆடுகிறார்கள். ஆபத்து பெரிதாகத் தெரிந்தால் விலகவும் செய்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ் போர்லண்ட் ஒரே ஒரு பருவம் சிறப்பாக ஆடிவிட்டு 2015-இல் 24 வயதில், தலைக்காயத்தைக் காரணம் காட்டி விலகினார். ஒரு மலையேறியின் முடிவை மதிக்கும் நாம், ஆட்டக்காரரின் முடிவை மட்டும் நோயாகப் பார்ப்பானேன்?

இன்னொன்று. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆன் மெக்கீ குழுவினர் வெளியிட்ட ஆய்வை எடுத்து, 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. என்னும் சிதைவு நோய் இருந்தது என்று வீசுவார்கள். அவை பெரும்பாலும் உறவினர்கள் ஏற்கெனவே ஏதோ கோளாறைக் கண்டு தானமாகக் கொடுத்த மூளைகள். அதை அப்படியே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் விரித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்த நோயோடு நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிவது எத்தனை ஆண்டுகள் ஆடினார் என்பதும், அறிகுறியே காட்டாத ஆயிரக்கணக்கான சிறு இடிகளும்தான். அறிகுறி இல்லாத இடியை எப்படி அறிவிப்பது? ஆகவே எல்லோரும் ஒழுங்காக அறிவித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது, கூரை ஒழுகும் வீட்டில் ஒரே ஒரு பாத்திரத்தை வைப்பது போன்றது.

பழைய கோல்கீப்பர்

இரண்டாவது பத்தியை ஏற்கிறேன். முதலாவதை ஏற்கவில்லை. மலையேறி மலையடிவாரத்தில் தெளிந்த புத்தியோடு முடிவெடுக்கிறார். கையுறையை மாற்றி மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் தொடர்ந்து ஆடுகிறாயா என்று கேட்டதைச் சம்மதம் என்றா சொல்கிறீர்கள்? 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் அல்வாரோ பெரேரா இங்கிலாந்து வீரரின் முழங்கால் இடித்து நினைவிழந்து கிடந்தார். எழுந்ததும் மருத்துவர் மாற்றுமாறு சைகை செய்ய, விரலை ஆட்டி மறுத்துவிட்டுக் களத்துக்குத் திரும்பினார். அன்று பேசியது பெரேராதானா என்பதே என் கேள்வி.

இரண்டாம் பாதி

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆட்டக்காரர்கள் சொல்லாததைப் பற்றியே பேசுகிறோம். அவர்களிடம் என்ன சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

என்.எஃப்.எல். 1994-இல் தலைக்காயத்துக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவராக இருந்தவர் மூட்டுவாத மருத்துவர். நரம்பியல் அவருடைய துறை அல்ல. அந்தக் குழுவினர் 2003 முதல் தொடராக வெளியிட்ட கட்டுரைகளில், மூளையதிர்வு ஏற்பட்ட அதே ஆட்டத்தில் வீரர் திரும்பி ஆடுவதில் பெரிய ஆபத்து இல்லை என்ற முடிவும் இருந்தது. பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50 வயதில் இறந்தபோது அவருடைய மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு, அதில் கண்ட சிதைவை 2005-இல் வெளியிட்டார். குழுவினர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினார்கள். 2009 இறுதியில்தான், அறிகுறி தெரிந்தவர் அன்றைக்கே திரும்ப ஆடக் கூடாது என்ற விதி வந்தது. இந்த ஆட்டத்துக்கும் சி.டி.இ. போன்ற மூளைச் சிதைவுக்கும் தொடர்பு உண்டு என்று லீகின் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டது 2016-இல்.

மருத்துவக் குழுவே ஆபத்தில்லை என்று எழுதிவைத்த காலத்தில் வளர்ந்தவரிடம், நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பது எனக்கு விந்தையாக இருக்கிறது. அந்த ஆட்டத்தின் பேச்சுவழக்கைக் கவனியுங்கள்: தலையில் பலமாக அடிபட்டால் மணி அடித்துவிட்டது என்பார்கள். மணி அடித்தால் சற்று நேரத்தில் ஓசை அடங்கிவிடும், அவ்வளவுதானே. அதை நோயின் பெயராக யாரும் எண்ணவில்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 1,500-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது, மூளையதிர்வு ஏற்பட்டவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சொன்ன காரணம், அது அவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றவில்லை என்பது. பள்ளியில் பதிந்த எண்ணம் தொழில்முறைக்குப் போனதும் கழன்றுவிடுமா?

நடுக்கோடு

என் தொடக்கப் பதிவு சற்று அவசரமானது என்று ஒப்புக்கொள்கிறேன். கணக்கு உண்டு, ஆனால் கணக்குப் போடும் புத்தி கலங்கிய நிமிடமும், இது கணக்கில் சேர வேண்டிய காயமே அல்ல என்ற வளர்ப்பும் உண்டு. மூன்றுக்கும் ஒரே விடை, முடிவை ஆட்டக்காரரின் கையிலிருந்து எடுத்துவிடுவதுதான் என்று தோன்றுகிறது.

அதைத்தான் லீகும் படிப்படியாகச் செய்திருக்கிறது, ஒவ்வொரு படியும் ஓர் அவமானத்துக்குப் பிறகு என்றாலும். 2011 இறுதியில் தலையில் அடிபட்டவரைக் கண்டுபிடிக்க மேலிருந்து ஆட்டத்தைக் கவனிக்கும் கண்காணிப்பாளர்களை அமர்த்தினார்கள். 2013-இல் அணியைச் சாராத நரம்பியல் ஆலோசகர்கள் வந்தார்கள். 2015-இல் அந்தக் கண்காணிப்பாளரே ஆட்டத்தை நிறுத்தலாம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் லூயிஸ் குவாட்டர்பேக் கேஸ் கீனம் தரையில் தலை மோதி, இரு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் தடுமாறியதை அரங்கமே பார்த்தது; யாரும் வெளியே எடுக்கவில்லை. சற்று நேரத்தில் பந்தை நழுவவிட்டார், அவருடைய அணி தோற்றது. அடுத்த ஆண்டு, நெறிமுறையை மீறும் அணிக்கு அபராதம் என்று விதி செய்தார்கள்.

2017-இல் பக்கக்கோட்டில் நீலக் கூடாரம் முளைத்தது. பல்லாயிரம் கண்களுக்கு மறைவாக உட்கார வைத்து ஆற அமரச் சோதிப்பதற்காக. அந்த நவம்பரிலேயே, நடுவர் வெளியே அனுப்பிய சியாட்டில் குவாட்டர்பேக் ரஸல் வில்சன் கூடாரத்துக்குள் தலையை நுழைத்துவிட்டு, சோதனை முடியாமலே வெளியே வந்து, ஒரே ஒரு நகர்வை மட்டும் தவறவிட்டுக் களத்துக்குத் திரும்பினார். சியாட்டில் அணிக்கு 1,00,000 டாலர் அபராதம். சோதனைக்கென்று ஒரு கூடாரமே கட்டிக் கொடுத்தும் உள்ளே உட்கார வைக்க முடியவில்லை.

மயாமி அணியின் குவாட்டர்பேக் துவா தகோவைலோவாவை எல்லோரும் அறிவீர்கள். 2022 செப்டம்பர் 25 அன்று தடுமாறி விழுந்தார். முதுகு வலி என்று விளக்கம் தரப்பட்டு மீண்டும் ஆடினார். நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் தரையில் மோதி, விரல்கள் விறைத்துக் கோணிக்கொள்ள, கட்டிலில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டார். அக்டோபரில் விதி மாறியது: தள்ளாட்டம் தெரிந்தால், காரணம் எதுவானாலும், அன்றைக்கு ஆட முடியாது. இவ்வளவுக்கும் பிறகு அதே டிசம்பர் 25 அன்று தலையில் அடிபட்டு முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தார்; கண்காணிப்பாளர் எவரும் நிறுத்தவில்லை. மறுநாள் அவரே மருத்துவர்களிடம் அறிகுறிகளைச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஆகவே எத்தனை கண்களை வைத்தாலும் கடைசியில் ஆட்டக்காரரின் வாய்க்கே வந்து நிற்கிறோம். நான் சற்று முன் சொன்ன விடையை நானே பாதி திரும்பப் பெறுகிறேன்.

கணக்குப்பிள்ளை

மீதிப் பாதியையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறேன். முடிவை எடுத்துவிடும்போது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். மற்றக் கால்பந்தில் 2020 இறுதியில் சோதனை முறையாக அனுமதிக்கப்பட்டு, 2024-இல் விதிப்புத்தகத்துக்குள் வந்த மூளையதிர்வு மாற்று, நிரந்தர மாற்று. வெளியே போனவர் போனவர்தான். ஸ்காட் சோதனைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது வேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒருவரை இறக்க அனுமதியுங்கள் என்று ஆட்டக்காரர் சங்கமும் சில லீகுகளும் கேட்டும் விதிக்குழு இணங்கவில்லை. சந்தேகம் என்று சொன்னாலே ஆட்டம் முடிந்தது என்றால், சந்தேகத்தை எவர் சொல்வார்?

தற்காலிக மாற்று வந்தால் அதைச் சூழ்ச்சிக்குப் பயன்படுத்துவார்கள் என்பது எதிர்வாதம். கிரிக்கெட்டில் 2020-இல் ஜடேஜாவுக்குப் பதிலாக இறங்கிய சஹால் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானபோது எழுந்த முணுமுணுப்பு நமக்கு நினைவிருக்கும். சூழ்ச்சி நடக்கலாம்தான். நூறு சூழ்ச்சிக்கு இடையில் ஒரு கிராமர் பதினான்கு நிமிடம் முன்னதாக வெளியே வந்தால் அது மலிவான பேரம் என்பேன். ஜடேஜாவுக்குத் தலையில் பந்து பட்டது என்னவோ உண்மை.

எதிர்ப்பாட்டு

இதில் உங்களோடு உடன்படுகிறேன், வியப்பாக இருந்தாலும். ஆட்டக்காரரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, சொல்வதற்கான விலையைக் குறைத்துவிட்டு அதன்பின் விருப்பத்தைக் கேளுங்கள் என்பதும் பொருந்தும். அலெக்ஸ் ஸ்மித்துக்கு நடந்ததை எந்த விதியாலும் தடுத்திருக்க முடியாது என்பது மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது. மாற்றாக வந்தவர் நன்றாக ஆடினால் பயிற்சியாளர் என்ன செய்வார்?

பக்கக்கோட்டுப் பிசியோ

அதற்கு என்னிடமும் விடை இல்லை. கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

பருவத் தொடக்கத்தில் அறிகுறிகளைப் பட்டியலிட்டு வகுப்பு எடுப்பதை நானும் பல ஆண்டுகள் செய்தேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் வாங்குவார்கள், அடுத்த வாரமே மறைப்பார்கள். அவர்களை அசைத்தது ஒரே ஓர் ஒப்பீடு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் ஆட்டக்காரர்களில் அடிபட்ட உடனே வெளியே வந்தவர்கள் குணமடையச் சராசரியாக 22 நாள் ஆயிற்று. தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். முதுமையில் மறதி வரும் என்று சொன்னால் இருபத்திரண்டு வயதுக்காரர் காதில் ஏறாது, அது யாரோ ஒரு கிழவரின் பிரச்சினை. இன்று பத்து நிமிடம் மறைத்தால் மூன்று வாரம் கூடுதலாகப் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும் என்றால் உடனே காது கொடுக்கிறார்கள். அது அவர்களுக்கே உரிய நாணயத்தில் சொல்லப்பட்ட விலை.

கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். "நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்பதே இல்லை; அந்தக் கேள்விக்கு விடை ஒன்றுதான். கடைசியாக யார் கோல் போட்டது, போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்பேன். பிறகு அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று ஆடியவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவரிடம் ஏதாவது வித்தியாசமாகக் கண்டீர்களா என்று கேட்பேன். பல நேரங்களில் எனக்குத் தேவையான விடை அங்கிருந்துதான் கிடைக்கிறது.

கோல்கீப்பர் ஐயா, தவறாக நினைக்கவில்லை என்றால் ஒன்று கேட்கிறேன். அன்று நீங்கள் கையுறையை மாற்றி மாட்டியதை யாராவது பார்த்தார்களா?

பழைய கோல்கீப்பர்

பார்த்தார்கள், அம்மா. நடுத் தடுப்பாளர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று புரியாமல் நானும் சிரித்தேன். ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் அதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். பயிற்சியாளர்கூட நன்றாகச் சிரித்தார்.